ஆற்று மணலில் கட்டிய கயிறு

1. பட்டம் கிடைத்த நாள்

ஆம்பூரில் வெறும் முனுசாமி என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். கயித்து முனுசாமி என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டம் ஆற்று மணலில் கயிறு கட்டிய முதல் நாளே எனக்கு ஒட்டிக்கொண்டது. ரோமக் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். வாயால் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

இப்போது டேனரி என்கிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் தோல் ஷாப்பு என்போம். அங்கே நான் முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன். கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகி, செருப்புப் போட முடியாமல், செருப்பே இல்லாத காரணத்தால் அந்தக் கவலையும் இல்லாமல் இருந்தேன். ஷாப்புக் கணக்கெழுதுகிற முன்ஷியிடம் நடையாய் நடந்து கெஞ்சி ஆற்றங்கரை வேலையை வாங்கினேன்.

ஆட்டுத் தோல் சுண்ணாம்பில் ஊறி வந்ததும் ரோமத்தை மழிப்பார்கள். அதைப் பாலாற்றில் அலசி, மணலில் பரப்பிக் காயவைத்து, வெள்ளை தனி, கறுப்பு தனி என்று மூட்டை கட்டினால் கம்பளிக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். ரோமத்தில் மணல் ஒட்டினால் பாதகமில்லை, உதறினால் போய்விடும். ஈர ரோமத்தை மிதித்தால்தான் ஆபத்து. திரண்டு சடையாகிப் போகும், பிறகு அதைப் பிரிக்க யாராலும் ஆகாது. ஆகவே மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஷாப்பு பெருத்தது, ரோமமும் பெருத்தது. எங்கள் முதலாளி சாயபு சர்க்காரிடம் சொல்லி ஆற்று மணலில் ஒரு பெரிய துண்டைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். கார்த்திகை மாதம் ஒரு காலையில் முன்ஷி மூங்கில் கழிகளையும் தேங்காய் நார்க் கயிற்றையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

"அடேய் முனுசாமி, இந்தக் கழியிலேர்ந்து அந்தக் கழி வரைக்கும் நம்முளுது. காக்கா குருவி கூட உள்ள கால் வெக்கக்கூடாது."

"காக்காவுக்கு இன்னா பாஷையில சொல்றது முன்ஷி?"

"வாயி மட்டும் ஜாஸ்தி ஒனுக்கு. கட்டுறா. அவுக்க முடியாத மாதிரி இறுக்கி முடிச்சுப் போடு."

நான் இறுக்கிப் போடவில்லை. ஈர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியவன் நான், முன்ஷி இல்லை. ஒரு கையால் இழுத்தால் கழன்று வருகிற உருவு முடிச்சாகப் போட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

2. மணலில் உட்கார்ந்தவர்கள்

பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற நாள் கொஞ்சம். மிச்ச நாளெல்லாம் மணல்தான். ஆனால் அந்த மணல் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் புரியும்.

தோல் வேலைக்காரனுக்கு ஊரில் உட்கார இடம் கிடையாது. காப்பிக் கிளப்பு வாசலில் நின்றால் மூக்கைப் பிடிப்பார்கள். கோயில் வாசலில் நின்றால் பேச்சே வேறு. வீட்டுக்குப் போனால் ஒரே அறையில் அப்பன், ஆத்தா, அண்ணன், அவன் பெண்டாட்டி, நடுவில் உரல். புதிதாகக் கல்யாணமானவன் பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் பொழுது சாயும்போது மணலுக்குத்தான் வருவான். அங்கே எவனும் எவனையும் பார்த்து எழுந்து போ என்று சொன்னதில்லை.

முதலாளியின் தாயாரும் அங்கேதான் வருவார்கள். பீபிம்மா என்று கூப்பிடுவோம். திரை போட்ட வண்டியில் வந்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இருட்டும் வரை மணலில் காற்று வாங்கிவிட்டுப் போவார்கள். பெரிய வீட்டு ஜனானாப் பெண்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. அந்த வருஷம் ஆவணி மழையிலேயே பீபிம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் கயிறு கட்டியபோது அவர்கள் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

கயிறு கட்டிய முதல் வாரம் நான் வாங்கிய வசவை எழுதினால் இந்தக் காகிதம் நாறிப்போகும். "ஆறு ஒங்கப்பன் வூட்டுதா?" என்று கேட்காத ஆள் இல்லை. எங்கப்பன் வீட்டில் ஒரு உரல்தான் இருந்தது. நானும் திருப்பிக் கத்துவேன், கழியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் கயிற்றுக்கு வெளியே மேட்டு மணலில் ஒண்டிக்கொண்டார்கள்.

3. பச்சையம்மாவுக்கு வந்த இடம்

எனக்கு ஒரே தங்கை, பச்சையம்மா. கறுப்பாய் லட்சணமாய் இருப்பாள். பேச்சில் என்னைத் தூக்கிச் சாப்பிடுவாள். அவளைப் பெண் கேட்டு மாதனூர்ப் பக்கத்திலிருந்து ஓரிடம் வந்தது. வந்தவர்கள் எங்கள் தெரு முனையிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. கொடுத்த வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. பச்சையம்மா அன்றைக்குப் பூராவும் சிகைக்காய் போட்டுத் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக ஒடுகத்தூரிலிருந்து ஓரிடம் அமைந்தது. மாப்பிள்ளை ஏழுமலை, எங்கள் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரன். தங்கமான பிள்ளை. ஆனால் அவன் அம்மா கன்னியம்மா, "தோல் நாத்தம் அடிக்கிற தெருவுக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். "வேணும்னா காணும் பொங்கலன்னிக்கி மணல்ல பாக்கறேன்."

மணலில் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு குடும்பமும் காற்று வாங்க வந்த மாதிரி வந்து உட்காரும். பெண் தன் கையால் மணலைத் தோண்டி ஊற்றுப் பறிப்பாள். கலங்கல் தண்ணீரை இறைத்து இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் மொண்டு வந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டுவாள். வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம். பிடிக்கவில்லையென்றால், "எனுக்கு தாகமில்லம்மா" என்று சொல்லி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஊற்றுக்கு ஏற்ற இடம் ஒரு பள்ளம். அங்கே முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் வரும், கற்கண்டு மாதிரி இருக்கும். அந்தப் பள்ளம் இப்போது என் கயிற்றுக்குள்ளே இருந்தது, அதன் மேல் ஷாப்பு ரோமம் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அன்னிக்கி ஒரு பொழுது பள்ளத்தை விடுவியா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

முன்ஷியிடம் போய் நின்றேன். "ஒன் தங்கச்சிக்கு விட்டா ஊரே வந்து நிக்கும். ரோமம் மிதிபட்டுச்சின்னா நீ மறுபடி சுண்ணாம்புத் தொட்டிதான்" என்றார். அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் மிதிபட்ட ரோமத்துக்குக் கூலியில் பிடிப்பார், வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கூலியில். அதுவும் போனால் கல்யாணம் எதை வைத்து?

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பரவால்லண்ணா. மோட்டுல தோண்டிக்கிறேன். என் கை இன்னா ஊனமா?"

4. காணும் பொங்கல்

பண்டிகையென்று ரோமம் காத்திருக்குமா? காலையிலேயே பரப்பியாயிற்று. கூட வேலை செய்கிறவன் பொங்கலுக்குப் போய்விட்டான், நான் ஒண்டியாக நின்றேன். சாயங்காலம் மேட்டு மணலில் ஜனம் திமுதிமுவென்று சேர்ந்துவிட்டது. அந்த நெருக்கடியில் ஒரு மூலையில் என் அம்மா, பச்சையம்மா. எதிரே கன்னியம்மா, பக்கத்தில் ஏழுமலை. எனக்கும் அவர்களுக்கும் நடுவே கயிறு.

பச்சையம்மா தோண்ட ஆரம்பித்தாள். முழங்கை ஆழம் போனது, வறண்ட மணல். தோள் ஆழம் போனது, அப்போதும் மணல்தான். ஓரம் சரிந்து சரிந்து குழி மூடிக்கொள்ளும், அவள் மறுபடி அள்ளுவாள். புதுச் சேலையெல்லாம் மணல். கூட்டம் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டது. கன்னியம்மா வானத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், முழங்காலில் கையை ஊன்றினாள். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் கழியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத் திரை போட்ட வண்டி ஒன்று வந்து கயிற்றை முட்டி நின்றது. யாரோ வாடகை வண்டிக்காரன், முன்பின் பார்த்திராத ஆள்.

"ஏய், கயித்த எடு. பெரிய எடத்துப் பொம்பளைங்க எறங்கணும்."

எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அவன் மேல் திரும்பியது. "எந்தப் பெரிய எடமா இருந்தா எனுக்கு இன்னா? என் கூடப்பொறந்தவளப் பொண்ணு பாக்க வந்துகிறாங்க. ஊத்துப் பறிக்கக்கூட உள்ள விடாம அவளையே வெளிய நிறுத்தி வெச்சிருக்கேன். உனுக்கு அவுப்பேனா? வண்டியத் திருப்புடா!"

திரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னாடா சொன்னே? கூடப்பொறந்தவளயா?"

பீபிம்மா! அவர்கள் வீட்டு வண்டிக்காரன் மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லையாம். அதனால் வாடகை வண்டி. நான் நெடுஞ்சாண்கிடையாக விழாத குறை.

"பீபிம்மா, தெரியாம சொல்லிட்டேன். நீங்க உள்ள வாங்க." கயிற்றில் கை வைத்தேன்.

"வேணாம், விடு. உத்தரவுன்னா எனுக்கும்தானே" என்று சொல்லிவிட்டு, வேலைக்காரியின் தோளைப் பிடித்து மெல்ல இறங்கினார்கள். நேராக மேட்டு மணலுக்கு நடந்துபோய்க் கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கப்போன கன்னியம்மா திடுக்கிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய வீட்டு அம்மாள் பக்கத்தில் உட்காரும்போது எப்படி எழுந்து போவது?

"இந்தப் பொண்ணா?" என்றார்கள் பீபிம்மா. "ஊத்துத் தண்ணி குடிச்சு எனுக்கும் நாளாச்சு. வரட்டும், நானும் குடிக்கிறேன்."

தண்ணீர் வந்தால்தானே! பச்சையம்மா தலைகீழாகக் குழிக்குள் கிடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரோமத்தைப் பார்த்துப் போக முதலாளி ஜட்காவில் வந்தார். தன் தாயார் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அம்மா! இங்க எதுக்கு உக்காந்தீங்க?"

"கயித்துக்கு வெளியதான் உக்காரணும்னாங்க. உக்காந்தேன்."

"டேய் முனுசாமி, அறிவு இருக்குதாடா ஒனுக்கு? எங்கம்மாவுக்கா கயிறு?"

பீபிம்மாதான் பேசினார்கள். "அவன இன்னாத்துக்குத் திட்றே? சொந்தத் தங்கச்சிய வெளிய நிறுத்திட்டு ஒன் ரோமத்தக் காக்குறான். அவங்கிட்ட இன்னும் இன்னா கேக்கறே நீ?"

சாயபு என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குழியைப் பார்த்தார், அதற்குள்ளிருந்து மணலோடு நிமிர்ந்த பச்சையம்மாவைப் பார்த்தார்.

"சரிம்மா, நீங்க உள்ள வாங்க."

"நான் மட்டுமா? இவங்க?"

"எல்லாரும் வந்தா ரோமம் வீணாய்டும்மா."

"அள்ளிட்டாப் போச்சு" என்றார்கள் பீபிம்மா.

இத்தனை நாளாக எனக்கோ முன்ஷிக்கோ அது தோன்றவில்லை. ஏன் தோன்றும்? மறுபடி பரப்புவது இரட்டை வேலையாயிற்றே. சாயபு பரப்பிய ரோமத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவரே வந்து கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். உருவு முடிச்சு, கையோடு வந்துவிட்டது.

"அள்ளுங்கடா" என்றார்.

அள்ள நான் ஒருவன். அதற்குள் ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டான். அவன் பின்னால் மேட்டு மணலில் இருந்த ஆணும் பெண்ணும் ஓரமாகவே நடந்து, மிதிக்காமல், தோல் வேலைக்காரர்களுக்கே உரிய பதனத்தோடு அள்ளினார்கள். முதலாளி கோணிப் பையின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் அள்ளும்போது சும்மா உட்கார்ந்திருக்கக் கன்னியம்மாவுக்கும் கூச்சமாக இருந்திருக்கும். அவளும் எழுந்து வந்து மடி நிறைய ரோமத்தை வாரிக்கொண்டு வந்து கோணியில் கொட்டினாள். சுண்ணாம்பு வாடை அவள் சேலையெல்லாம் ஏறிவிட்டது.

பள்ளம் வெளியே தெரிந்ததும் பச்சையம்மா ஓடினாள். இரண்டு கையாலும் பறித்தாள். முழங்கை ஆழம்கூட இல்லை, தண்ணீர் சுரந்துவிட்டது. கலங்கலை இறைத்தாள், மறுபடி இறைத்தாள், தெளியும் வரை குந்திக்கொண்டே பார்த்திருந்தாள். கொட்டாங்குச்சியில் மொண்டு வந்தவள், இரண்டு அம்மாமார்களுக்கும் முன்னால் யாருக்கு முதலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

"அவங்களுக்குக் குடும்மா" என்றார்கள் பீபிம்மா. "எனுக்கு ஊத்து எங்கியும் போய்டாது."

கன்னியம்மா கொட்டாங்குச்சியை வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள்.

"என் கையே நாறுது" என்றாள். "இனிமே எவ வூட்டு நாத்தத்தை நான் போய் சொல்றது?" என்று சிரித்துவிட்டு, ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னம் கொஞ்சம் மொண்டாடி கண்ணு" என்றாள்.

அம்மா வாய்விட்டு அழுதுவிட்டாள். பீபிம்மா குடித்தார்கள், முதலாளி குடித்தார், வண்டிக்காரன்கூட குடித்தான். பிறகு ஜனம் முழுதும் மணலில் இறங்கிவிட்டது. நான் கோணிகளைக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டு வருவதற்குள் இருட்டிவிட்டது, ஊற்றும் கூட்டத்தில் தூர்ந்துவிட்டது.

5. கம்பி

மறுநாளிலிருந்து அது சட்டமாயிற்று. சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் ரோமத்தை அள்ளிவிட வேண்டும், கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும், காலையில் மறுபடி பரப்பிக் கட்ட வேண்டும். முன்ஷி பேஜார் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் ஏன் அடித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை, அள்ளியது நான்தான். "என் கல்யாணத்தால ஒனுக்குத்தாண்ணா இடுப்பு போச்சு" என்று பச்சையம்மா இன்றைக்கும் கேலி செய்கிறாள். போனால் போகிறது. இடுப்பு யாருக்குத்தான் போகவில்லை?

பீபிம்மாவும் போய்விட்டார்கள், பெரிய முதலாளியும் போய்விட்டார். அப்போது நான் ஆற்றங்கரை மேஸ்திரி. அவர் மகன் சின்ன முதலாளி முள்கம்பியும் கல் தூணும் கொண்டுவந்து இறக்கினார். கயிறு, அள்ளுவது, பரப்புவது எல்லாம் வெட்டி வேலை என்றார். தூண் நடக் கோடு காட்டச் சொன்னார்.

நான் பள்ளத்தருகே போய் நின்றேன். "இங்கதான் ஒங்க தாதிமா, பீபிம்மா, ஊத்துத் தண்ணி குடிச்சாங்க. ஒங்க வாப்பா கோணி புடிச்சுக்கினு நின்னாரு. இதைக் கம்பிக்கு உள்ள வெக்கறதா வெளிய வெக்கறதா, நீங்களே சொல்லுங்க" என்றேன். கதை முழுதும் சொன்னேன். வழக்கம்போலப் பாதியில் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் கம்பியை விடவில்லை. ஆனால் பள்ளத்துக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி நடச் சொன்னார். மணலில் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன். பள்ளம் வெளியே தங்கியது. அது போதுமா என்றால் போதாதுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்களிடமும் யாராவது ஒரு கயிற்றைக் கொடுத்துக் கட்டச் சொல்வார்கள். கூலிக்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியாது, கட்டுவீர்கள். கட்டும்போது வெளியே யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் பாருங்கள். முடிச்சை உருவு முடிச்சாகப் போடுங்கள்.

போன தையில் பச்சையம்மாவின் மகளை அதே பள்ளத்தருகே பெண் பார்க்க வந்தார்கள். கம்பிக்கும் மேட்டுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பெண் ஊற்றுப் பறித்தாள், மாப்பிள்ளையின் அம்மா வாங்கிக் குடித்தாள், எல்லாரும் சிரித்தோம். அப்போது பச்சையம்மா எழுந்து போய்த் தானே ஒரு கொட்டாங்குச்சி மொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"குடிண்ணா" என்றாள். "அன்னிக்கி எல்லாரும் குடிச்சாங்க. ஒனுக்கு மட்டும்தான் யாரும் குடுக்கல."